வாயடைக்கும் அதிகாரத்தை நாமே கேட்கலாமா?

இணையத்தில் இஸ்லாத்தையோ முஸ்லிம்களையோ இழிவுபடுத்தும் பதிவு ஒன்று வெளியாகிவிட்டால், நம் அமைப்புகள் விடுக்கும் அறிக்கைகளிலும் அதிகாரிகளிடம் கொடுக்கும் மனுக்களிலும் தவறாமல் இடம்பெறும் கோரிக்கை ஒன்று உண்டு. 'அரசு இதனை உடனே தடை செய்ய வேண்டும்' என்பதே அது. பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை, எந்தப் பள்ளிவாசல் முற்றத்திலும் ஜும்ஆவுக்குப் பின் நான்கு பேர் கூடி நின்றால், கைப்பேசியில் வந்த ஏதேனும் ஒரு வெறுப்புக் காணொளியைப் பற்றிய பேச்சும், 'இதையெல்லாம் அடைத்துவிட ஒரு கடுமையான சட்டம் வரக்கூடாதா?' என்ற ஏக்கமும் காதில் விழுகின்றன. அந்த ஏக்கத்தின் பின்னே இருக்கும் வேதனை மெய்யானது. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த வேதனைக்கு நம்மவர் கேட்கும் மருந்து நஞ்சு என்பதை எடுத்துரைக்காமல் வாளாவிருப்பது சமுதாயத்துக்கு நன்மை செய்வதாகாது.

கடுமையான சட்டம் இல்லாததனாலா நம் பெண்மக்கள் அவமதிக்கப்பட்டார்கள்? 2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்' என்ற பெயரில், 80க்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்களின் இசைவின்றி எடுத்து, ஏலப்பொருள்களைப் போல ஒரு செயலியில் அடுக்கிக் காட்டினார்கள் சில கயவர்கள். அப்பெண்களில் பலர் எழுத்தாளர்கள், பத்திரிகையாளர்கள், துணிந்து பேசுகின்றவர்கள். செயலி நீக்கப்பட்டது. தில்லிக் காவல்துறை வழக்கும் பதிந்தது. அதன் பிறகு ஆறு மாதம் ஒருவரும் கைதாகவில்லை. 2022 புத்தாண்டு நாளில் 'புல்லி பாய்' என்ற பெயரில் அதே இழிசெயல் மறுபடியும் அரங்கேறி, மும்பைக் காவல்துறை சில நாள்களிலேயே ஆட்களைப் பிடித்த பின்னர்தான், முதல் செயலியை உருவாக்கியவன் தில்லிக் காவலரின் கையில் சிக்கினான். இரண்டு மாநகரங்களிலும் இருந்தது ஒரே சட்டம்தான். ஓரிடத்தில் அதனைக் கையில் எடுக்க மனம் இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை. மனமில்லாதவரிடம் மேலும் நான்கு அதிகாரங்களைக் கொடுத்தால் அவற்றை நமக்காகவா எடுத்து வீசப்போகிறார்?

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 2012 ஆகஸ்டில், 'நோன்புப் பெருநாளுக்குப் பின் வடகிழக்கு மாநிலத்தவரை முஸ்லிம்கள் தாக்கப்போகிறார்கள்' என்ற வதந்தி குறுஞ்செய்திகள் வழியே பரவியது. பெங்களூரிலும் சென்னையிலும் உணவகங்களிலும் கடைகளிலும் வேலை பார்த்துவந்த அம்மக்கள், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார்கள். அந்த வதந்தியில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவர்கள் நாம். மத்திய அரசு 300க்கும் மேற்பட்ட இணையப் பக்கங்களையும் பதிவுகளையும் முடக்கியது; ஒரு நாளைக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் மொத்தமாக அனுப்பலாகாது என்றும் கட்டளையிட்டது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் முடக்கப்பட்டவற்றின் பட்டியலை ஆராய்ந்தவர்கள் அதில் கண்டது என்ன? 'இது வதந்தி, இந்தப் படம் போலியானது' என்று ஆதாரத்தோடு எடுத்துக்காட்டிய பதிவுகளும் அந்தப் பட்டியலிலேயே கிடந்தன! நம் மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைத்த கையையும் சேர்த்தே வெட்டியிருந்தார்கள். அவசரத்தில் கத்தி வீசுகின்றவருக்குக் களை எது, பயிர் எது என்று பார்க்க நேரமிருப்பதில்லை.

அடுத்த மாதமே பெருமானார் (ஸல்) அவர்களை இழிவுபடுத்திய அமெரிக்கப் படமொன்றின் துண்டு யூடியூபில் வந்தது. அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் நம் மக்கள் திரண்டார்கள். அந்தக் காணொளி இந்தியாவில் தெரியாதபடி அடைக்கப்பட்டது. அரசின் கை நம் பக்கம் நீண்டதாகப் பலரும் மனநிறைவு கொண்டார்கள். ஈராண்டு அல்ல, இரண்டே மாதம் கழிந்தது. 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை மாநகரம் ஏன் மூடப்பட வேண்டும் என்று முகநூலில் கேட்ட ஓர் இளம்பெண்ணும், அதனை விரும்பியதாகக் குறியிட்ட அவருடைய தோழியும் பால்கரில் கைது செய்யப்பட்டார்கள். கேள்வி கேட்டவர் ஒரு முஸ்லிம் பெண். அவருடைய உறவினரின் மருத்துவமனையை ஒரு கும்பல் புகுந்து நொறுக்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவு அந்தப் பெண்களின் மீதும் பாய்ந்தது. அதற்கு முந்தைய மாதம் புதுச்சேரியில், மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதிய சிறு தொழில் முனைவர் ஒருவரை விடியற்காலையில் வீட்டிலிருந்து அழைத்துச் சென்றதும் அதே பிரிவுதான்.

66அ பிரிவு என்பது என்ன? பிறருக்கு 'எரிச்சல்' அல்லது 'அசௌகரியம்' உண்டாக்கும் செய்தியைக் கணினி வழியே அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை. எரிச்சல் என்றால் யாருக்கு எரிச்சல்? ஆட்சியில் இருப்பவருக்கு ஏற்படும் எரிச்சலுக்கு உடனே காவலர் கிடைப்பார். குடிசையில் இருப்பவருக்கு ஏற்படும் எரிச்சலை யார் பதிவு செய்வார்? 2015 மார்ச் 24 அன்று நீதியரசர்கள் செலமேஸ்வரும் ரோகின்டன் நாரிமனும் அந்தப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று அடியோடு தள்ளுபடி செய்தார்கள். (தள்ளுபடியான பின்னும் காவல் நிலையங்களில் அதன் கீழ் வழக்குகள் பதியப்பட்டு வந்ததை 2021இல் உச்ச நீதிமன்றமே கண்டு அதிர்ச்சி தெரிவித்தது. செத்த பாம்பும் நம் நாட்டில் சில காலம் கடிக்கும் போலும்!)

அத்தீர்ப்பின் அருமையைத் தாம்பரத்து மக்களாகிய நாம் அதே ஆண்டின் இறுதியில் உணர்ந்தோம். 2015 டிசம்பர் 1ஆம் நாள் பெய்யத் தொடங்கிய மழையை யார் மறப்பார்? தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த பகுதிகளும் அனகாபுத்தூரும் நீரில் ஆழ்ந்தன. மீனம்பாக்கம் விமான நிலையம் நாள்கணக்கில் மூடப்பட்டது. மின்சாரம் இல்லை, பல இடங்களில் தொலைபேசியும் இல்லை. எங்கேனும் ஒரு கைப்பேசியில் உயிர் மிஞ்சியிருந்தால், அதிலிருந்து சென்ற செய்திதான் படகை வரவழைத்தது. எந்தத் தெருவில் இடுப்பளவு நீர், எந்த மாடியில் கர்ப்பிணிப் பெண், எந்தப் பள்ளிவாசல் திறந்திருக்கிறது, எங்கே சோறு கிடைக்கிறது என்பதெல்லாம் எவருடைய அனுமதியும் பெறாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். நம் இளைஞர்கள் சாதி மதம் பாராது கழுத்தளவு நீரில் இறங்கியதை நாடே பார்த்ததும் அந்த வழியில்தான்.

அத்தோடு மக்கள் கோபத்தையும் எழுதினார்கள். ஏரியை ஏன் முன்னதாகவே சிறுகச் சிறுகத் திறக்கவில்லை? எச்சரிக்கை ஏன் வரவில்லை? நிவாரணப் பொட்டலங்களின் மீது முதலமைச்சரின் படத்தை ஒட்டும் வேலை யாருடையது? இக்கேள்விகள் ஆட்சியாளருக்கு எரிச்சல் ஊட்டியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஓராண்டுக்கு முன் என்றால் அவற்றுள் எத்தனை 66அ பிரிவில் சிக்கியிருக்கும்! அவ்வாறு நேராமல், தலைமைச் செயலாளர் நீண்டதோர் அறிக்கை வெளியிட்டு அரசின் தரப்பை விளக்க வேண்டியதாயிற்று. விலங்குக்குப் பதில் விளக்கம் வந்தது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அதிகாரியின் அறிக்கை, அந்த வெள்ளம் மனிதரால் விளைந்த பேரிடர் என்றே கூறிற்று. முடிச்சூர்க்காரர் கைப்பேசியில் எழுதியதை அரசின் தணிக்கையாளர் மூன்றாண்டு கழித்து எழுதினார்.

ஆயினும் அதிகாரம் எளிதில் அடங்குவதில்லை. டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லிப் பாடிய பாட்டு இணையத்தில் பரவியதற்காகப் பாடகர் கோவன் 2015 அக்டோபரில் தேசத்துரோகப் பிரிவில் கைதானார். திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததைக் கண்டு மனம் கொதித்துக் கேலிச்சித்திரம் வரைந்து முகநூலில் இட்ட பாலாவை, 2017 நவம்பரில் சென்னைக்கு வந்து பிடித்துச் சென்றது நெல்லைக் காவல்துறை. ஆபாசத்தைத் தடுக்க எழுதப்பட்ட பிரிவை அவர் மீது ஏவினார்கள். எரிந்து மாண்ட குழந்தைகள் ஆபாசமாகத் தோன்றவில்லை. அதனை வரைந்த கோடுகள் ஆபாசமாகத் தோன்றின! 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததும், வதந்தியைத் தடுக்கிறோம் என்று சொல்லித் தூத்துக்குடி, நெல்லை, குமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தையே நிறுத்தினார்கள். அது ரமளான் மாதம். காயல்பட்டினத்து வீடுகளில் வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைகளின் குரலுக்காகக் காத்திருந்தவர்களும் சேர்ந்தே தண்டிக்கப்பட்டார்கள்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த அடக்குமுறைகள். கண்ணுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதுதான் நம்மவர் கேட்கும் 'தடை'. 66அ பிரிவை ஒழித்த அதே தீர்ப்பு, அதனோடு 2008 திருத்தத்தில் இரட்டைப் பிள்ளையாகப் பிறந்த 69அ பிரிவை நிலைநிறுத்திவிட்டது. அதன்படி மத்திய அரசு எந்த இணைய முகவரியையும் முடக்க ஆணையிடலாம். 2009ஆம் ஆண்டு விதிகளின் 16ஆம் விதி, அதற்கான புகாரும் ஆணையும் இரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. புகார் கொடுத்தவர் யார், குற்றம் என்ன, ஆணை எங்கே என்று எழுதியவர் கேட்டால் விடை கிடைப்பது அரிது. 2020ஆம் ஆண்டில் மட்டும் 9,849 முகவரிகள் முடக்கப்பட்டதாக அரசே நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னது. அவற்றுள் எத்தனை வெறுப்பு, எத்தனை வெறும் விமர்சனம் என்று பிரித்துப் பார்க்க வாசகனுக்கு வழியில்லை.

1975இல் நெருக்கடி நிலையின்போது தணிக்கை வந்தது. அப்போது ஆங்கில நாளேடொன்று தலையங்கத்தின் இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. அந்த வெற்றிடமே வாசகனிடம் பேசிற்று. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைச் சித்திரத்துக்காக அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானித்தது. கொடுமைதான். ஆனால் அது பகலில், அவையில், எல்லோரும் பார்க்க நடந்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழ, ஓரிரு நாள்களில் அவர் வெளியே வந்தார். அட்டைப்படமோ வாங்கியவர் வீட்டிலேயே இருந்தது.

அதே நிறுவனத்துக்கு 2025 பிப்ரவரியில் நேர்ந்ததைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து நம் நாட்டவர் விலங்கிட்டு அனுப்பப்பட்டது பற்றிப் பிரதமர் பேசாதிருந்ததைக் கேலி செய்து, அவர் கையில் விலங்கோடு டிரம்ப்பின் அருகே அமர்ந்திருப்பதாக விகடன் பிளஸ் இதழில் ஒரு சித்திரம் வந்தது. தமிழக பா.ஜ.க. தலைவராக அப்போதிருந்த அண்ணாமலை புகார் எழுதினார். பிப்ரவரி 15 மாலை விகடனின் வலைத்தளம் முழுவதும் பலருக்குத் திறக்கவில்லை. ஒரு சித்திரத்துக்காக, சமையற்குறிப்பும் சிறுகதையும் உள்ளிட்ட மொத்தக் கட்டடத்துக்கும் பூட்டு! முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை என்றது நிறுவனம். குழுவின் முன் வந்து விளக்கமளிக்குமாறு அமைச்சகத்தின் கடிதம் வந்ததே அதற்குப் பிறகுதான். தண்டனை முன்னே, விசாரணை பின்னே. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, அந்தச் சித்திரத்தை மட்டும் தற்காலிகமாக நீக்கிவிட்டுத் தளத்தைத் திறக்க வழிசெய்தது. நூற்றாண்டை எட்டிக்கொண்டிருக்கும் நிறுவனமாதலால் வழக்கறிஞரை வைத்து வாதாட முடிந்தது. குரோம்பேட்டையிலோ பம்மலிலோ ஓர் இளைஞர் தனியாக நடத்தும் யூடியூப் பக்கத்துக்கு இது நேர்ந்தால்?

நேர்ந்தும் இருக்கிறது, அதுவும் நம்மவர்க்கு. 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் மூண்டபோது, 8,000க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்குமாறு இந்திய அரசு ஆணையிட்டதாக எக்ஸ் நிறுவனம் தெரிவித்தது. சிறுபான்மையினரின் செய்திகளைத் தொடர்ந்து வெளியிட்டுவரும் 'மக்தூப் மீடியா'வின் கணக்கு இந்தியாவில் மறைக்கப்பட்டது. 'தி வயர்' செய்தித் தளமும் முடக்கப்பட்டது. போர்க்காலத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அதே நாள்களில், உள்நாட்டு முஸ்லிம்களை எதிரிகளாகச் சித்தரித்து இரவு முழுவதும் கூச்சலிட்ட தொலைக்காட்சிகள் தம் கூச்சலைத் தொடர்ந்துகொண்டுதான் இருந்தன. பூட்டு எந்தக் கதவில் விழுகிறது என்று பாருங்கள். 'தடை செய்க' என்று மனு எழுதுவோர் இந்த ஒன்றையேனும் எண்ணிப் பார்க்க வேண்டாவா?

அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்பதையும் அரசே தீர்மானிக்கும் என்று 2023 ஏப்ரலில் ஒரு விதித் திருத்தம் வந்தது. வாதியே நீதிபதி! நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், மூன்றாவது நீதிபதியாக விசாரித்த நீதியரசர் சந்துர்கர் 2024 செப்டம்பரில் அதனைச் செல்லாது என்றார். நம் மாநில அரசும் 2023இல் ஒரு தகவல் சரிபார்ப்பகத்தை ஏற்படுத்தியது. மறுப்புச் சொல்லும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு. அதோடு அது நின்றுகொள்ளுமானால் நமக்குச் சண்டையில்லை. எதிர்த்தரப்பின் ஏட்டைக் கிழிக்கும் உரிமை எந்தக் கட்சியின் அரசுக்கும் இல்லை. இன்று நமக்கு இணக்கமான ஆட்சி, எனவே கவலையில்லை என்போர், நாற்காலி மாறினாலும் சட்டப்புத்தகம் மாறாமல் மேசையிலேயே இருக்கும் என்பதை அறியாதவர்கள்.

'அப்படியானால் பெருமானாரை ஏசுவோரையும், நம்மைக் கொல்லச் சொல்வோரையும் விட்டுவிடுவதா?' என்று கேட்கப்படும். கேள்வி நியாயமானது. விட்டுவிடச் சொல்லவில்லை. வன்முறையைத் தூண்டுவதும், மதத்தின் பெயரால் பகைமை வளர்ப்பதும் இன்றைய நியாயச் சட்டத்தின்படியும் குற்றங்களே. வெறுப்புப் பேச்சுக்கு எதிராகப் புகார் வராவிட்டாலும் தாமாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டிருக்கிறது. அந்த வழியில் பேசியவன் கூண்டில் நிற்பான். அவன் பேசியது ஏட்டில் பதியும். அவனுக்கும் வழக்கறிஞர் இருப்பார். தீர்ப்பு எல்லோரும் படிக்கக் கிடைக்கும். இரகசியத் தடையிலோ பதிவு மறையும், பேசியவன் மறுநாள் வேறொரு பெயரில் வந்து நிற்பான். நம் கையில் இருந்த சாட்சியமும் பதிவோடு சேர்ந்து போயிருக்கும்.

குரோம்பேட்டை, காயிதே மில்லத் வாழ்ந்த ஊர். அவர் அமர்ந்திருந்த அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்து முஸ்லிம் உறுப்பினராக மகபூப் அலி பேக் அவர்களும் இருந்தார். 1948 டிசம்பரில் பேச்சுரிமைப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது அவர் எழுந்து, உரிமையை ஒரு கையால் தந்துவிட்டு விதிவிலக்குகளால் மறு கையால் பறிக்கிறீர்கள் என்ற பொருள்பட வாதாடினார். சட்டத்துக்கு உட்பட்டே உரிமை என்று எழுதிவைத்ததை ஜெர்மனியில் இட்லர் எப்படிப் பயன்படுத்தினான் என்பதையும் நினைவூட்டினார். நாடு பிரிந்த கொந்தளிப்பு அடங்காத காலம் அது. முஸ்லிம்களுக்கு எதிரான பேச்சும் எழுத்தும் இன்றையினும் குறைவாக இருந்த காலமன்று. 'எங்களை ஏசுவோரை அடக்க அரசுக்கு அளவற்ற அதிகாரம் கொடுங்கள்' என்று அவர் கேட்டிருந்தால் வியப்பில்லை. அவர் கேட்டது அதற்கு நேர்மாறானது. ஒன்றரை ஆண்டில் அவருடைய அச்சம் அவருடைய மாகாணத்திலேயே மெய்யாயிற்று. சென்னை அரசு பொது அமைதியின் பெயரால் 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார ஏட்டை மாகாணத்துக்குள் நுழையவிடாமல் தடுத்தது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 66அ பிரிவை வீழ்த்திய தீர்ப்பு ஊன்றி நின்ற தூண்களுள் அவ்வழக்கும் ஒன்று.

ஆகவே நம் ஜமாஅத்துகளும் அமைப்புகளும் அடுத்த முறை மனு எழுத உட்காரும்போது, 'தடை செய்க' என்ற சொல்லை நீக்கிவிட்டு, 'வழக்குப் பதிக. இன்னாரைக் கைது செய்க' என்று எழுதட்டும். பதிவின் நகலையும் நாளையும் நேரத்தையும் இணைத்து, தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கட்டும். பதியாவிட்டால் உச்ச நீதிமன்றத்தின் 2023 ஆணையைக் காட்டி நீதிமன்றத்துக்குச் செல்லட்டும். 2009ஆம் ஆண்டு விதிகளை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கில் 2025 மார்ச்சில் மத்திய அரசுக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது. முடக்கும் ஆணை ஒவ்வொன்றும் காரணத்தோடு வெளியிடப்பட வேண்டும், எழுதியவரைக் கேட்ட பின்னரே முடக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு நம் சமுதாயத்தின் கையெழுத்தும் சேரட்டும். ஒவ்வொரு பள்ளிவாசலிலும் கணக்கு எழுத ஒருவர் இருக்கிறார். சட்டம் படித்த இளைஞர் ஒருவரையும் இதற்கென அமர்த்திக்கொள்வது பெரிய செலவன்று.